மேற்குச் சுவரின் நான்கு வரிகள்

கடத்தூர் வட்டாரத்துக் கட்டட வேலையில், யாரும் எழுதி வைக்காத, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சட்டம் உண்டு. சுவரில் நேர்ந்த தவறு வீட்டுக்காரர் காதுக்குப் போகக் கூடாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சுவர் ஒரு விரற்கடை சாய்ந்திருக்கலாம். மூலை சதுரம் தப்பியிருக்கலாம். மேஸ்திரி ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார், கரண்டியைத் தண்ணீரில் அலசுவார், "பூச்சுல போயிடும்" என்பார். அதற்குப் பிறகு கொத்தனாரும் சித்தாளும் அதைப் பற்றித் தமக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை. சிமெண்ட் பூச்சு ஏறும், வெள்ளை அடிக்கப்படும், புதுமனை புகுவிழா நடக்கும். கட்டியவர்கள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

பாஞ்சாலி அப்படிப் பல பந்திகளில் சாப்பிட்டவள். பதினாறு வயதில் தலையில் சும்மாடு வைத்தாள், இப்போது முப்பத்துநான்கு. சுவரின் அடியில் நின்று மேலே பார்த்தே பழகிய கண் அவளுடையது. சாரத்தின் மீது நிற்கும் கொத்தனாருக்குத் தன் கையில் இருக்கும் கல் தெரியும். கீழே சட்டியோடு காத்திருப்பவளுக்கு முழுச் சுவரும் தெரியும். எந்தச் சுவர் எந்த வரியில் வயிறு தள்ளத் தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியும். ஒரு நாளும் சொன்னதில்லை. சந்தைக்குப் பின்னால் எழும்பிய ஒரு வீட்டில், சமையலறைச் சுவர் வளைந்திருப்பதை வீட்டுக்காரர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். மேஸ்திரி சற்றும் தயங்காமல் கீழே கையை நீட்டினார்.

"கலவை எளகிப் போச்சுங்க. இந்தப் பொம்பளைங்க எங்கங்க சொன்னபடி கொழைக்கிறாங்க."

கலவை சரியாகத்தான் இருந்தது. பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சட்டியை நிரப்பினாள். அதுவும் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளோடு வேலைக்கு வந்த பையன்கள் ஐந்தாறு ஆண்டுகளில் கரண்டி பிடித்தார்கள், சிலர் மேஸ்திரி ஆனார்கள், மற்றவர்கள் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனார்கள். பெண் மட்டும் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே ஓய்வாள். ஆகவே, கட்டடத் தொழில் கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்று கடத்தூரை ஒட்டித் திறக்கிறது, பெண்களும் சேரலாம் என்ற துண்டுத்தாளை யாரோ கையில் திணித்தபோது, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவள் அந்த வேலையிடத்தில் அவள் ஒருத்திதான்.

மையத்தை நடத்தியவள் சுசித்ரா என்ற பொறியாளர். அங்கே கற்பித்த முறை அந்த ஊருக்குப் புதியது. கட்டடம் எழும்பும் நிலத்தின் மண்ணையே தோண்டிச் சலித்து, சிறிது சிமெண்ட் கலந்து, நெம்புகோல் பொருத்திய இரும்பு அச்சில் இட்டு இரண்டு பேர் சாய்ந்து அழுத்தினால் சதுரமான மண்கல் ஒன்று வெளியே வரும். அதைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஈரச் சாக்கு போர்த்தி இருபத்தோரு நாள் வைத்திருந்தால் இறுகிவிடும். ஆற்று மணலும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம்.

"இன்னொண்ணும் வேண்டாம்," என்றாள் சுசித்ரா, முதல் நாள் வகுப்பில். "இந்தச் சுவருக்குப் பூச்சு கிடையாது. நீங்க வைக்கிற கல்லுதான் கடைசி வரைக்கும் வெளியே தெரியும்."

பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பில், பெங்களூரு வேலை பிடிக்காமல் திரும்பியிருந்த முனிராஜ் எழுந்து நின்றான். "அப்ப எங்க மானம் மரியாதை எல்லாம் செவுத்துலயே தெரியும்னு சொல்றீங்களா மேடம்?"

வகுப்பு சிரித்தது. சுசித்ராவும் சிரித்தாள். "அதேதான்."

பாஞ்சாலி சிரிக்கவில்லை. அந்த வாக்கியம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது.

கரண்டி பிடித்த மூன்றாம் வாரத்திலேயே அவள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பயிற்றுநர் அன்பு அவளைவிட நான்கு வயது இளையவன். பெங்களூரில் கொத்தனாராக இருந்து, பின் பட்டயம் படித்துத் திரும்பியவன். அவன் நூல் கட்டிச் சரிபார்க்கும் முன்பே பாஞ்சாலி, "சார், அந்த மூணாவது கல்லு உள்ள போவுது" என்பாள். நூல் கட்டிப் பார்த்தால் மூன்றாவது கல் உள்ளேதான் போயிருக்கும். "அக்கா கண்ணுலயே ரசமட்டம் வெச்சிருக்குது" என்று முனிராஜ் பட்டம் சூட்டினான்.

பயிற்சியின் முதல் உண்மையான கட்டடம் வத்தல்மலையில் அமைந்தது. மலைமேல் ஒரு சிற்றூரில், சாமையும் ராகியும் அரைத்துச் சேமித்து வைக்க மகளிர் குழு ஒரு கூடம் கேட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் மணல் லாரி ஏற்ற யாரும் இசையவில்லை. மண்ணோ காலடியில் செக்கச்செவேலென்று கிடந்தது. பன்னிரண்டு பேரும் ஊரிலேயே ஒரு காலி வீட்டில் தங்கி, அச்சு போட்டு, கடைக்கால் இட்டு, நான்கு சுவர்களையும் கூரை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மேற்குச் சுவர் முழுவதும் பாஞ்சாலியின் பொறுப்பு. மழை அடிக்கும் திசை என்பதால் அதில் சன்னல் இல்லை. வரிக்கு இருபத்துநான்கு கல்.

வெள்ளிக்கிழமை சுசித்ரா வந்து சுவர்களைப் பார்வையிடுவாள். மகளிர் குழுத் தலைவி செல்லி, சுவர் வேலை முடிந்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவாள். அதன் பிறகே கூரைக்குக் கம்பி கட்ட முடியும். அதே நாளில் இன்னொன்றும் நடக்க இருந்தது. மலையடிவார ஊர்களில் ஆறு அங்கன்வாடிக் கட்டடங்கள் இந்த முறையில் எழப்போகின்றன. அவற்றுக்குப் பயிற்சி முடித்தவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மேஸ்திரி நியமிக்கப் போகிறார்கள்.

"மொதப் பேரு உங்க பேருதான்க்கா," என்று அன்பு அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். "மேடம் வாயாலயே கேட்டேன். செவுத்த ஒரு தரம் பாத்துட்டா போதுமாம்."

அன்றிலிருந்து பாஞ்சாலி நடக்கும் நடையே மாறிவிட்டது என்று முனிராஜ் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். அது பொய்யில்லை. கடத்தூர் வட்டாரத்தில் ஒரு பெண்ணை மேஸ்திரி என்று யாரும் அழைத்ததில்லை. அந்தச் சொல் தன் பெயருக்குப் பின்னால் எப்படி ஒலிக்கும் என்று அவள் மனத்துக்குள் பல முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

புதன் இரவு மலையில் நல்ல மழை. வியாழன் காலை, சுவர்மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் மேற்குப் பக்கம் காற்றில் கழன்று தொங்குவதைப் பார்த்துப் பாஞ்சாலி அதைச் சரிசெய்யப் போனாள். சுவரின் அடியில், கருங்கல் கடைக்காலின் விளிம்பில், மெல்லிய செம்மண் கோடு ஒன்று படிந்திருந்தது. யாரோ கோலமாவைக் கொட்டி இழுத்ததுபோல் நேராகப் போனது. மழைத்தண்ணீர் தரையிலிருந்து தெறித்த சேறாக இருந்தால் திட்டுத் திட்டாக இருக்கும். இது மேலிருந்து வழிந்து இறங்கியது.

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். இடுப்பு உயரத்துக்கு மேலே நான்கு வரிகள் மற்றவற்றைவிட ஒரு சாயல் கருத்திருந்தன. ஈரத்தை அதிகமாகக் குடித்திருந்தன. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலில் மண் ஒட்டியது. அதற்குக் கீழ்வரியைத் தேய்த்தாள், ஒன்றும் வரவில்லை. மேல்வரியிலும் வரவில்லை. ஆணி ஒன்றை எடுத்து, கிழக்கு, தெற்கு, வடக்கு என்று கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒவ்வொரு வரியிலும் கீறினாள். எல்லாம் கல்லாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது அந்த நான்கு வரிகள் மட்டும்; தொண்ணூற்றாறு கல்.

எந்த நாளைய கல் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள அவளுக்கு நேரமாகவில்லை. மண்ணும் சிமெண்டும் அளக்க மையத்திலிருந்து கொண்டுவந்த ஒரு மரப்பெட்டி உண்டு. ஒரு பெட்டி சிமெண்டுக்குப் பன்னிரண்டு பெட்டி மண், இரண்டையும் பலகையால் தலைதட்டி அளக்க வேண்டும். ஒரு நாள் பிற்பகல் பெட்டியின் அடிப்பலகை பிளந்துவிட்டது. அன்று கலவைப் பொறுப்பு அவளுடையது. "பெட்டி இல்லாட்டி என்ன, சட்டி இருக்குது" என்று தன் இரும்புச் சட்டியையே அளவாக வைத்துக்கொண்டாள். சட்டியால் அளப்பதில் பிழையில்லை. ஆனால் அவள் கை பதினெட்டு ஆண்டுகளாக ஒரே விதமாகப் பழகிய கை. மண்ணை அள்ளினால் சட்டி குவிந்திருக்க வேண்டும். குவியாவிட்டால் "வூட்டுல சோறு போடலியா, அரைச் சட்டி தூக்கிட்டு வர்ற" என்று மேலிருந்து குரல் வரும். சிமெண்ட் என்றால் தலைதட்ட வேண்டும். ஒரு பிடி கூடினால் அதற்கும் குரல் வரும். அன்றும் கை தன் வழக்கப்படியே அள்ளியிருக்கிறது. பன்னிரண்டு சட்டி மண் என்று வாய் எண்ணியது, ஆனால் உள்ளே போனது பதினாறு பதினேழு சட்டிக்குக் குறையாது. அரைநாள் அச்சுதானே என்று அந்த அடுக்கிலிருந்து சோதனைக் கல் எடுத்து, கரைகிறதா என்று பார்க்கத் தண்ணீரில் ஊறப்போடவும் இல்லை.

மேஸ்திரிகள் வழக்கமாகக் கீழே கை நீட்டிச் சொல்லும் குற்றச்சாட்டு, கலவை சரியில்லை என்பது, முதல் முறையாக உண்மையாகியிருந்தது. நீட்டும் கையும் அவளுடையதே, அது சுட்டுவதும் அவளையே.

அவள் அன்புவைத் தேடிப் போனாள். அவன் கம்பி வளைக்கும் பலகையருகே நின்றிருந்தான். சுவருக்குப் பின்னால் அழைத்து வந்து காட்டினாள். அவனும் தேய்த்துப் பார்த்தான். விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"எத்தினி வரி?"

"நாலு."

"வேற யாருக்காவது தெரியுமா?"

அவன் கேட்ட இரண்டாவது கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "இல்ல சார். உங்ககிட்டதான் சொல்றேன்."

"நல்லதாப் போச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, பதறாதீங்க. கொஞ்ச நேரத்துல வெயில் வந்துடும், ஈரம் காஞ்சா கலர் ஒண்ணாயிடும். நாளைக்கி மேடம் பாத்துட்டு போவட்டும். கூரை போட்டு முடிச்சப்புறம் மேக்கால ஒரு பூச்சு பூசிடலாம். மழை அடிக்கிற பக்கம், பாதுகாப்புக்குன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? பல எடத்துல பூசறதுதானே."

"பூச்சு நிக்குமா சார்?"

"ரெண்டு மூணு வருசம் நிக்கும்."

"அதுக்கப்புறம்?"

அன்பு கெட்டவன் அல்ல, அவளுக்காகவே பேசிக்கொண்டிருந்தான். பெங்களூரில் அவனுக்குக் கீழே நின்ற எத்தனையோ பேரின் தவறுகளை அவன் இப்படித்தான் மறைத்துக் காப்பாற்றியிருப்பான். அவனுடைய தவறுகளையும் யாரோ காப்பாற்றியிருப்பார்கள்.

"கூரை பாரம் இந்தச் செவுத்து மேலதான சார் ஒக்காருது," என்றாள் பாஞ்சாலி.

"ஒக்காருதுதான். ஒண்ணும் ஆவாதுக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆம்பள மேஸ்திரி பண்ணா தப்பு. அதையே நீங்க பண்ணா, பாத்தியா பொம்பள கையில கரண்டி குடுத்தது தப்புன்னு சொல்லுவாங்க. வகுப்புல உங்களுக்குப் பின்னாடி ஜாஸ்மின் இருக்குது, யுவராணி இருக்குது. அதுங்களையும் யோசிங்க."

அந்த வாதம் அவளை உண்மையிலேயே நிறுத்தியது. மற்றவை எல்லாவற்றையும்விடக் கூர்மையானது அதுதான். அன்று பகல் முழுவதும் அவள் வடக்குச் சுவரில் விட்டுப்போன இணைப்புகளை அடைத்துக்கொண்டு, அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் செல்லி ஒரு தூக்குச்சட்டியில் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்தாள். வேலை நடந்த நாள்களில் அவள் இப்படி வருவது வழக்கம். ஐம்பதைத் தொடும் வயது. குழுவில் எல்லாரையும் அதட்டும் குரல். கூடத்துக்குள் நுழைந்து, கூரையில்லாத வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சுவரைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். அவள் தட்டியது கிழக்குச் சுவரை.

"மூணு வருசமா சாமை மூட்டைய வூட்டுக்குள்ளயே அடுக்கி வெச்சு, எலிக்குப் பாதி எங்களுக்குப் பாதின்னு இருந்தோம்," என்றாள். "இனிமே எலிக்குத்தான் பட்டினி."

"எலி உங்களத் திட்டும்," என்றான் முனிராஜ், வாயில் சோற்றோடு.

"திட்டட்டும். ஏன் பாஞ்சாலி, அந்த மேக்குச் செவுரு நீ ஒண்டியா கட்டினதாமே? என் மருமவகிட்ட காட்டினேன். அவளும் கத்துக்கிறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அடுத்த தரம் சேத்துக்குவாங்களா?"

"சேத்துக்குவாங்க."

"அவளுக்கு உன்னாட்டம் கை வருமா?"

பாஞ்சாலி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "என்னாட்டம் கை வேணாம்," என்றாள். "அளந்து பழகினா போதும்."

செல்லி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். பாஞ்சாலி எழுந்து, மையத்தின் சாமான் குவிந்திருந்த இடத்துக்குப் போனாள். படிக்கட்டுக்கும் முற்றத்து மேடைக்குமாக அச்சிட்ட கற்கள் இருபத்தோரு நாள் முடிந்து சாக்கின் கீழ் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தாள்: நூற்றிருபது. மேல் அடுக்கில் ஒன்று, கீழ் அடுக்கில் ஒன்று உருவி, இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். காலையில் எடுத்து, நகத்தாலும் ஆணியாலும் விளிம்பைச் சுரண்டினாள். இரண்டும் அசையவில்லை. அவளுக்கு மனம் தெளிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சுசித்ரா ஜீப்பில் வந்து இறங்கினாள். வெயில் அன்பு சொன்னபடியே தன் வேலையைச் செய்திருந்தது. மேற்குச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் நின்றது. கடைக்கால் விளிம்பில் படிந்த செம்மண் கோட்டை யாரோ பெருக்கியிருந்தார்கள். யார் என்று பாஞ்சாலி கேட்கவில்லை.

சுசித்ரா தூக்குக்குண்டு விட்டாள், மூலைக்கு மூலை அளந்தாள், வரிகளை எண்ணினாள். மேற்குச் சுவரின் முன் நெடுநேரம் நின்றாள். பிறகு திரும்பி, "பாஞ்சாலி, இந்தச் சுவரைப் படம் எடுத்து அடுத்த வகுப்புல காட்டப் போறேன்," என்றாள்.

"மேஸ்திரியம்மா வராங்க, வழி விடுங்கப்பா," என்று முனிராஜ் கூட்டத்தை விலக்குவதுபோல் கைகளை வீசினான். எல்லாரும் சிரித்தார்கள். ஜாஸ்மினும் யுவராணியும் தங்களுக்கே அந்தப் பட்டம் கிடைத்ததுபோல் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அன்பு பாஞ்சாலியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். முடிந்தது, விட்டுவிடுங்கள் என்று அதற்குப் பொருள்.

சுசித்ரா படிவத்தை அட்டையில் செருகிச் செல்லியிடம் நீட்டினாள். "சுவர் வேலை உங்களுக்குத் திருப்தியா இருந்தா இங்க கையெழுத்து போடுங்கம்மா. திங்கக்கிழமை கம்பி கட்ட ஆரம்பிச்சிடலாம்."

"திருப்திக்கு என்ன கொறச்சல்." செல்லி பேனாவை வாங்கி, எழுதுமா என்று உள்ளங்கையில் கீறிப் பார்த்தாள்.

"செத்த இருங்கம்மா," என்றாள் பாஞ்சாலி. "கையெழுத்து போடாதீங்க."

"அக்கா," என்றான் அன்பு, "எதுவா இருந்தாலும் அப்புறம் நமக்குள்ள பேசிக்கலாம்."

"நமக்குள்ள பேச ஒண்ணுமில்ல சார். வூட்டுக்காரங்க இவங்கதான்."

அவள் செல்லியின் மணிக்கட்டைப் பற்றி, மேற்குச் சுவரின் மழைப்பக்கத்துக்கு அழைத்துப் போனாள். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஒரு குவளைத் தண்ணீரை வாங்கிச் சுவரில் வீசினாள். நான்கு வரிகள் கண்ணெதிரே கருத்தன. அவற்றுக்குக் கீழேயும் மேலேயும் தண்ணீர் முத்து முத்தாக வழிந்தோடியது. செல்லியின் உள்ளங்கையை அந்தக் கருத்த கல்லின் மேல் வைத்தாள்.

"அழுத்தித் தேச்சுப் பாருங்க."

செல்லி தேய்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் செம்மண்.

"இதுல இருந்து இது வரைக்கும் நாலு வரி, கெட்ட கல்லுங்க," என்றாள் பாஞ்சாலி. பதினெட்டு ஆண்டுகளாகக் கீழே நின்ற குரல் எல்லாருக்கும் கேட்கும்படி, அவசரமில்லாமல் வந்தது. "சிமெண்டு பத்தல. அன்னிக்கி அளந்தது நானு. மண்ணக் குவிச்சு அள்ளிட்டேன். கல்லு வெச்சதும் நானு. வேற யார் மேலயும் தப்பில்ல. பூச்சு பூசினா ரெண்டு மூணு வருசத்துக்கு மறைஞ்சிருக்கும், அதுக்கப்புறம் உங்க மூட்டைக்கும் உங்க தலைக்கும் மேல நிக்கிற கூரைய இந்தச் செவுரு தாங்காது. மேல இருக்கற ஒம்பது வரியையும் இறக்கணும், இந்த நாலையும் எடுத்துப் போட்டுட்டு நல்ல கல்லு ஏத்தணும். கல்லு இருக்குது, ராத்திரி ஊறப்போட்டுப் பாத்துட்டேன். ஆறு நாள் ஆவும். என்னைய மேஸ்திரியா போடறதும் போடாததும் மேடத்தோட இஷ்டம். இந்தச் செவுத்த இறக்கறத மட்டும் நான் இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்."